நரிபரியும் பாண்டியர் குதிரைப் பந்தியும்

மதுரைத் திருக்கோயிலில் ஆவணி மூலப் பெருவிழா நிகழுங்காலத்து நரியைப் பரியாக்கிய திருவிளையாடலைக் கண்டு நெஞ்சம் நெகிழாத சைவ நன்மக்கள் இலர். குதிரை கொள்ளுதற்கென அரசன் அளித்த பொன்னோடு போந்த திருவாதவூரர் திருப்பெருந்துறையிலே குருந்தமர நீழலில் குருவடிவு கண்டதும், அப்பொன் திருப்பணிக்கு ஆயதும், அரசன் வெகுண்டதும், பெருமான் குதிரைச் சேவகராய் வந்ததும் யாவரும் அறிந்தனவே. ஆயின் இவ்வரலாற்றின் ஒரு பகுதியைக் கற்போரும் கேட்போரும் விரைந்து கடந்துவிடுகின்றனர். கொண்ட குதிரைகள் பந்தியிற் கட்டுண்டு நின்ற ஓர் இரவே அப்பகுதி.

குதிரை விலைப்படுங்கால் விற்போன் கையினின்றும் கொள்வோன் கைக்குக் கயிறு மாறுதல் பண்டை வழக்கு. கயிறு மாறுமுன் நேரும் நலந்தீங்குகள் விற்போனைச் சாரும். மாறியபின் நேர்வன கொண்டோனைச் சாரும். வணிகராய் வந்த பெருமான் இந்நெறியை மன்னற்கு உரைத்து, குதிரைகளை நன்கு ஆராய்ந்து கொள்ளுமாறு கூறி, கயிறு மாற்றிக் கொடுத்து மறைந்தருளினர் என்பது புராண வரலாறு. பரஞ்சோதி முனிவர் தம் திருவிளையாடற் புராணத்துள், நிறமும் பிறந்த நாடும் உறுப்பமைதியும் பற்றிய குதிரை இலக்கணத்தை அவ்வணிகர் திருவாயினின்றே வெளிப்படுவதாக அமைத்தனர். மன்னனும் குதிரைகளை நோக்கினான், நோக்கி மகிழ்ந்தான், பட்டாடை பரிசளித்தான். அன்று நள்ளிரவில் அப்பரிகள் நரிகளாயின. ஆகி, பந்தியில் முன்னரே நின்ற பழங்குதிரைகளையும் கடித்துக் குதறி ஓடின. விடியலிற் பந்தி காவலர் மன்னன்பால் ஓடிவந்தனர்.

கூர்ந்து நோக்கின் மன்னன் செய்த ஆராய்ச்சி முழுவதும் பகலில், வீதியில், வரும்போது செய்த ஆராய்ச்சியே. இழப்பு நேர்ந்தது இரவில், பந்தியில், வந்தபின். இங்ஙனம் கூறுதல் திருவிளையாடலை உலகியலாற் குறைத்துரைப்பதாகாது. இறைவன் ஆடல் எந்நாட்டில் நிகழ்ந்ததோ அந்நாட்டார் வாழ்க்கையே அதற்கு நிலைக்களமாதலின், பந்தியிற் புகுந்த குதிரை சின்னாளிற் குதிரையாயிராது என்பதைத் தமிழ்நாட்டார் எத்துணை அறிந்திருந்தனர் என்பதை வரலாற்றாற் காண்டலே ஈண்டைக் கருத்து.

தமிழ்நாட்டுக்குக் குதிரை கடல்வழி வந்தமை மிகப் பழைய செய்தி. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய பொருள்களுள் குதிரையைப் பட்டினப்பாலை முதற்கண் வைத்துரைக்கின்றது. சோழர் கல்வெட்டுக்களில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் காணப்படுகின்றனர். அடிகள் காலத்தைப் பற்றி அறிஞர் தம்முள் பெரிதும் மாறுபடுவர். அவ்வழக்கு ஈண்டு வேண்டற்பாலதன்று. குதிரை வாணிகம் தன் உச்சத்தை எய்தியதும், அதனைப் பற்றிய விரிவான குறிப்புக்கள் கிடைப்பதும் 13ஆம் நூற்றாண்டின் பிற்பாண்டியர் காலத்தேயாம்.

அக்காலத்தைப் பற்றி எழுதிய அயல்நாட்டார் இருவர் சிறப்பாகக் குறிக்கற்பாலர். ஒருவர் 1292ஆம் ஆண்டளவிற் பாண்டிநாட்டுக் கடற்கரையில் இறங்கிய வெனிசு நகரத்து மார்க்கோ போலோ. மற்றொருவர், இந்நாட்டிற்கு வாராது பாரசீகத்தில் இருந்தே வணிகர் வாய்மொழி கொண்டு எழுதிய வசாபு என்னும் வரலாற்றாசிரியர். இருவரும் ஒருவரையொருவர் அறியார். இருவர் கூற்றும் பெரும்பாலும் ஒத்து நிற்கின்றன.

வசாபு கூறும் கணக்கைப் பார்ப்பின் வியப்பே மிகும். பாரசீகக் குடாக்கடலிலுள்ள கீசுத் தீவினின்றும் சமாலுத்தீன் என்னும் பெருவணிகர் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைத் தமிழகக் கரைக்கு அனுப்புவதென உடன்படிக்கை இருந்தது. குதிரை ஒன்றுக்கு விலை 220 செம்பொன் தினார். அவர்க்கு முற்பட்ட ஒரு காலத்தே, அக்குடாக்கடற் பக்கத்துத் துறைகள் பலவற்றினின்றும் தமிழகத்திற்கும் கூர்ச்சரத்துக் கம்பாயத்து முதலிய துறைகட்கும் ஆண்டொன்றிற்கு 10,000 குதிரைகள் ஏற்றுமதியாயின என்றும், அவற்றின் விலை 22 இலட்சம் தினார் ஆயிற்று என்றும் அவர் எழுதுகின்றார். உடன்படிக்கையில் ஒரு விதி உண்டு. கடலில் இறந்துபட்ட குதிரைக்கும் அரசனது பண்டாரம் விலை கொடுத்தல் வேண்டும்!

கயிறு மாறுதல் என்னும் நெறி இங்கு யாதாயிற்று? புராணத்து மன்னன் கயிறு மாறிய பின்னரே இழந்தான். வரலாற்றுப் பாண்டியனோ கயிறு தன் கைக்கு வருமுன் இறந்த குதிரைக்கும் பொன்னளந்தான். இதுபற்றி அவனை மட்டும் இகழ்தல் தகாது. ஏறக்குறைய 200 ஆண்டுகட்குப் பின்னர் விசயநகரத்தை ஆண்ட சாளுவ நரசிம்மனும் அங்ஙனமே செய்தனன் எனப் போர்த்துக்கீசியராகிய நூனிசு எழுதிவைத்துள்ளார். கடலில் மாண்ட குதிரையின் வாலை மட்டும் அறுத்துக்கொண்டு காட்டினும் உயிர்க்குதிரைக்குரிய விலை கிடைத்ததாம். குதிரைப்படை இல்லாத அரசு நில்லாது என்னும் அச்சம் வணிகர்க்கு அத்துணை வலிமை தந்தது.

சைவ நன்மக்கள் நின்று எண்ணவேண்டிய செய்தி ஒன்றும் வசாபு எழுத்தில் உளது. 22 இலட்சம் தினாரும் அரசிறையினின்றும் கொடுக்கப்படவில்லை என்றும், கோயில்களின் நிலவருவாயில் மிகுந்த பொருளும் கோயிலைச் சார்ந்த கணிகையர்பாற் கொண்ட வரியுமே அவ்விலைக்கு ஆயின என்றும் அவர் கூறுகின்றார். இது செவிவழிச் செய்தி. அயல்நாட்டார் ஒருவர் தம் வணிகர் சொல்லக் கேட்டு எழுதியது. பெருக்கிக் கூறலும் இருத்தல் கூடும். ஆதலின் முற்றும் கொள்ளற்பாலதன்று, முற்றும் தள்ளற்பாலதுமன்று. ஓரளவேனும் மெய்யாயின், திருப்பெருந்துறையில் நிகழ்ந்ததற்கு நேர்மாறாக ஒன்று நிகழ்ந்தது. ஆண்டுக் குதிரைக்கென வந்த பொன் கோயிலுக்கு ஆயிற்று. ஈண்டுக் கோயிலுக்கென வந்த பொன் குதிரைக்கு ஆயிற்று. அங்ஙனம் ஆய பொன்னும் குதிரையாக நிலைத்ததா எனின், இல்லை.

பாண்டி மன்னன் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகின்றான். அவன் உடன்பிறந்தாரும் அவ்வாறே வாங்குகின்றனர். ஆண்டு முடிவில் நூறு குதிரைகளும் எஞ்சுவதில்லை என்பது மார்க்கோ போலோ கூற்று. காரணமும் அவரே கூறுகின்றார். குதிரையைப் பேணத் தெரிந்தார் இந்நாட்டில் இலர். குதிரை மருத்துவரும் இலாடங் கட்டுவாரும் இலர். அத்தொழில் வல்லாரை அயல்நாட்டு வணிகர் தம்முடன் அழைத்து வருவதுமில்லை, வரவிடுவதுமில்லை. குதிரைகள் இறந்தொழியுமளவும் தமக்கு ஊதியம் என்பதே அவர் எண்ணம். உணவாகக் கொடுக்கப்பட்டது இறைச்சியோடு வேவித்த சோறு என்றும் அவர் எழுதினார்.

வசாபு பந்தியின் உள்ளே நிகழ்ந்ததை இன்னும் நுணுக்கமாகக் கூறுகின்றார். பச்சை வாற்கோதுமைக்கு ஈடாக அதனை வறுத்தும், தானியத்தை நெய் கூட்டிச் சமைத்தும், காய்ச்சிய பசும்பாலைப் பருகக் கொடுத்தும் குதிரைகளைக் கொழுக்க வைத்தனர். நாற்பது நாள் முளையடித்துக் கயிற்றாற் பிணித்து, ஓரடியும் நடத்தாது நிறுத்தினர். அதன்பின் பயிற்சியும் அங்கவடியும் இன்றி ஏறி, வெறிகொண்டார் போல ஓட்டினர். சின்னாளில் விரைந்த பரிகள் நடை தளர்ந்து ஒன்றுக்கும் உதவாதன ஆயின. இதற்குக் காரணமாக இந்நாட்டுத் தட்பவெப்பத்தையும் அவர் சேர்த்துரைக்கின்றார்.

நெய்யும் பாலும் சோறும் கொடுத்தமை அன்பின்மையாற் செய்ததன்று என்பது தெளிவு. விருந்தினர்க்கு இடுவதைப் பரிக்கும் இட்டனர், அவ்வளவே. மக்கட்கு அமிழ்தாவது மாவிற்கு நஞ்சாதல் கூடும் என்பதை அறியாமையே பிழை. குதிரையின் உடலமைப்பு ஆவின் உடலமைப்புப் போன்றதன்று. ஆவிற்கு இரைப்பை நான்கு அறையுடையது. புல்லை விழுங்கிப் பின் அசைபோடும். குதிரைக்கு இரைப்பை ஒன்றே. அதுவும் அப்பேருடலுக்குச் சாலச் சிறியது. புல்லைச் செரிப்பிக்கும் தொழில் பின்குடலிலேயே நிகழ்கின்றது. ஆதலின் அவ்விலங்கு நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் புல் மேய்தற்கென்றே அமைந்தது. ஒரே வேளையில் மிகுதியாகச் சோறோ தானியமோ உண்டால் அது செரியாது பின்குடலிற் புகுந்து புளித்துக் காற்றைப் பெருக்கும். உண்டதைக் கக்கும் ஆற்றல் குதிரைக்கு இல்லை. வயிற்றுவலியாற் புரண்டு புரண்டு மாள்வதும், மாளாது தப்பினும் குளம்பினுள் அழற்சி தோன்றி என்றும் நொண்டியாவதும் இதனால் விளைவன. நாற்பது நாள் கட்டிக்கிடந்து கொழுத்த குதிரையைத் திடீரென ஓட்டின் தசைகள் இறுகிக் கட்டிக்கொண்டு நடக்கவொண்ணாது நின்றுவிடும். வசாபு கண்ட வெறிகொண்ட ஓட்டமும், போலோ கண்ட ஆண்டிறுதி எண்ணிக்கையும் காரணகாரியமாக இயைந்து நிற்றலை இன்றைய கால்நடை மருத்துவம் அறிந்தார் எளிதில் உணர்வர்.

தட்பவெப்பம் காரணமன்று எனவும் ஒருதலையாகக் கூறிவிடுதல் ஆகாது. வெப்பமும் ஈரமும் மிக்க கடற்கரை நாட்டிற் சில குதிரைகட்கு வியர்வையே அடங்கிவிடும். உடற்சூடு தணியாது மூச்சிரைத்து வீழும். ஈக்கள் பரப்பும் சர்ரா என்னும் குருதிநோயின் கிருமியைக் கிரிபித்து எவான்சு என்பார் 1880ஆம் ஆண்டிலேதான் கண்டறிந்தனர். அதற்கு முன்னர் அந்நோயால் மாண்டன எத்துணையோ! ஆயினும் தட்பவெப்பம் ஒன்றே காரணமாயின் தமிழ்நாட்டில் யாண்டும் குதிரை வாழ்ந்திருத்தல் இயலாது. அது வாழ்ந்த இடமும் உண்டு. கடற்கரையை விட்டு வடமேற்கே, மைசூர் மேட்டுநிலத்திற்கு ஏறும் படிபோல் அமைந்த தகடூர் நாட்டை நோக்கின் இஃது இனிது விளங்கும்.

தகடூர் என்பது இக்காலத்துத் தருமபுரி. அதனின்று தெற்கே சேலம் செல்லும் பெருவழியில் அதியமான்கோட்டையும், அதனையடுத்து நல்லம்பள்ளியும், மேலும் தெற்கே சென்று இறங்குமிடத்துத் தொப்பூர்க் கணவாயும் உள்ளன. ஔவையாருக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சியின் நாடு இது. இதன் தெற்கே கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியும், கிழக்கே கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியும் தத்தம் குதிரைகட்குத் தத்தம் பெயரையே வைத்து வழங்கினர் எனச் சிறுபாணாற்றுப்படையால் அறிகின்றோம். தன் பெயரையே தன் பரிக்கு இட்டவன் அதனை நாற்பது நாள் முளையிற் கட்டி மறந்திருப்பான் என எண்ணுதல் அரிது.

நல்லம்பள்ளிப் பக்கத்து நிலம் பெரும்பாலும் வானம் பார்த்த புன்செய். கேழ்வரகும் சாமையும் கொள்ளும் இங்கு விளைவன. குதிரையின் பொருட்டு இவற்றுட் சிறந்தது கொள்ளே. ஆங்கிலத்தாரும் இப்பயற்றைக் குதிரையோடு சேர்த்தே பெயரிட்டு வழங்குகின்றனர். இளைத்தவனுக்கு எள்ளும் கொழுத்தவனுக்குக் கொள்ளும் என்னும் பழமொழி மக்களைப் பற்றியதேனும், கொள்ளு ஊனைப் பெருக்காது உரத்தைத் தருவது என்னும் அறிவு அதனுள் அடங்கியுள்ளது. பச்சைக் கொள்ளிற் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் சில உள. வேவித்தால் அவை அழியும். ஆதலின் கொள்ளை வேவித்து, நன்றாக ஆறவிட்டு, தவிடு கலந்து, ஒரு நாளைக்குரியதை இரண்டு மூன்று வேளையாகப் பகுத்துக் கொடுத்தல் தென்னாட்டு வழக்கமாயிற்று. சோற்றை வேவித்ததும் வேவித்தலே, கொள்ளை வேவித்ததும் வேவித்தலே. ஒன்று அறியாமை, ஒன்று அறிவு. கொள்ளும் துணையுணவேயன்றி முதலுணவாகாது. உடலெடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை உலர்ந்த புல்லோ வைக்கோலோ நாடோறும் கிடைத்தல் வேண்டும். நீர் நாளொன்றிற்கு 20 முதல் 40 படி வரை வேண்டும். கோடையிலும் உழைப்பிலும் இன்னும் மிகுதி. வியர்வையோடு உப்பும் கழிதலின் உப்புக்கட்டி ஒன்று பந்தியில் இருத்தல் நன்று.

தொப்பூர்க் கணவாய் கல்லும் மேடுமாகிய வழி. மணற்பாங்கான கடற்கரையில் இலாடமின்றி ஒருவாறு நடக்கும் குதிரை இவ்வழியில் ஒரு நாள் நடந்தால் குளம்பு தேய்ந்து குருதி கசியும். ஆதலின் இம்மேட்டுநாட்டிற் குதிரை வைத்திருந்தவர்க்கு இலாடங் கட்டும் கொல்லன் இன்றியமையாதவனாயினன். பாண்டிநாட்டில் இலர் எனப் போலோ குறித்தது அக்கொல்லனையே. குளம்பு நகம் போல் வளர்வது. ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருமுறை இலாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீவி மீளக் கட்டுதல் வேண்டும். இலாடம் தேயவில்லையே என்று விட்டுவிடுவோர் உளர். தேய்வது இரும்பு, வளர்வது குளம்பு. வளர்ந்த குளம்பு காலின் நிலையைக் கோணலாக்கி மூட்டுக்களைக் கெடுக்கும் என்பதை அன்னார் நினைப்பதில்லை.

18ஆம் நூற்றாண்டில் ஐதரலி, திப்பு சுல்தான் ஆகியோர் குதிரைப்படைகள் இம்மேட்டுநாட்டு வழிகளிற் பன்முறை போந்து மீண்டன. எதிர்த்த ஆங்கிலப் படைக்கோ தீவனமே பெரும் பகையாயிற்று. 1791ஆம் ஆண்டு மே மாதத்தில் காரன்வாலிசு சீரங்கப்பட்டணத்தை அணுகியும் முற்றுகையிடமாட்டாது, வண்டி இழுக்கும் எருதுகள் மாண்டமையாற் பெரும் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுத் திரும்பினர். பகைவன் வாளினும் புல்லின்மை கொடிது என்பதை அப்படை அன்று கற்றது. மறு ஆண்டு, 1792இல், உடன்படிக்கையாற் பாரமகால் என்னும் இந்நாடு கும்பினியார் கைப்பட்டது.

அதன்பின் 32 ஆண்டு கழித்து, 1824இல், ஓசூரை அடுத்த மத்திகிரியில் கும்பினிப் படைக்குக் குதிரை பேணி அளித்தற்கென்று ஒரு பண்ணை நிறுவப்பட்டது. அவ்விடம் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி உயரமுள்ளது. 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புடையது. மேய்ச்சலும் குளிர்ந்த காற்றும் உள்ளது. இதே தகடூர் மேட்டின் வடமேற்கு விளிம்பே அது. கடற்கரைப் பந்தியிற் பொன்னாற் பெறமுடியாத ஒன்று இம்மேட்டில் நிலத்தாலும் பேணுதலாலும் இயன்றது. பின்னாளில் அப்பண்ணை ஆனினங்களையும் பிற கால்நடைகளையும் வளர்க்கும் பண்ணையாக மாறியது. அதற்கு முன்னரும் பின்னரும் ஆத்திரேலியக் குதிரைகள் கப்பலேறிச் சென்னைத் துறையில் இறங்கிய வண்ணமே இருந்தன என்பதும் மறைக்கற்பாலதன்று. ஆயினும் அவற்றோடு குதிரை மருத்துவரும் இருந்தனர், இலாடக் கொல்லரும் இருந்தனர். சென்னை வேப்பேரியில் 1903ஆம் ஆண்டு கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றிய பின் அவ்வறிவு நாட்டவர்க்கும் உரியதாயிற்று.

இந்நாட்டில் முன்னரே குதிரை நூல் இல்லாமலில்லை. சாலிகோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் வடமொழியில் அசுவ சாத்திரங்கள் வழங்கின. விராடன் பந்தியில் மறைந்துறைந்த நகுலன் பெயரால் அமைந்த நூல் தஞ்சைச் சரசுவதி மகாலினின்றும் 1952இல் வண்ணப் படங்களோடு அச்சேறியது. நூல் ஏட்டிலும், குதிரை பந்தியிலும், இரண்டையும் இணைப்பார் இன்மையும் ஆகிய இதுவே குறை. அந்நூல்களிலும் சுழி பார்த்தல் மிகுதி. இன்னவிடத்துச் சுழி இருப்பின் குடி கெடும், இன்னவிடத்து இருப்பின் செல்வம் பெருகும் என்பன இன்றும் சந்தையில் விலையை ஏற்றி இறக்குவன. நெற்றிச் சுழியை நூறுமுறை நோக்குவோர் குளம்பின் அடியை ஒருமுறை தூக்கிப் பார்ப்பதில்லை. ஈரமும் சிறுநீரும் ஊறிய தரையில் நின்ற குதிரைக்குக் குளம்பின் அடி அழுகிக் கருத்து நாற்றம் வீசும். மூக்கை அருகிற் கொண்டுசென்றால் போதும், பழைய பந்தியின் வரலாறு முழுவதும் தெரிந்துவிடும்.

பந்தி எங்ஙனம் இருத்தல் வேண்டும் என்பதும் அரிய மறைபொருளன்று. ஒரு குதிரை திரும்பவும் படுக்கவும் 12 அடி நீளமும் 12 அடி அகலமும் வேண்டும். குதிரை நின்றே உறங்கும் என்பது பாதி உண்மையே. நாளில் சிறிது நேரமேனும் கிடந்தாலன்றி ஆழ்ந்த உறக்கம் அதற்கு இல்லை. காற்று மேலே போக்கும் வரவும் உடையதாய் இருத்தல் வேண்டும். நாடோறும் நனைந்த வைக்கோலை அகற்றாவிடின் சிறுநீரினின்று எழும் காரமான ஆவி நுரையீரலைக் கெடுக்கும். நாள்தோறும் நடத்துதல் இன்றியமையாதது. நலமுள்ள குதிரையின் உடற்சூடு 38 பாகை அளவினது. அமைதியாய் நிற்குங்கால் நிமிடத்திற்கு 8 முதல் 16 முறை மூச்சுவிடும். இவற்றை நலமுள்ள நாளிற் பார்த்து வைத்தவனே நோயுற்ற நாளில் வேறுபாடு காண்பான்.

ஈரோட்டு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித்திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தை பேர்பெற்றது. பல்லைப் பிடித்து வயது காண்பாரும், ஓட்டி நடை காண்பாரும், சுழி எண்ணுவாரும் அங்கு நிரம்ப உளர். அங்குக் குதிரை கொண்டு, பவானி மேட்டூர் வழியாகத் தொப்பூரை அடைந்து நல்லம்பள்ளிக்குச் செல்லும் ஒருவன் கயிறு மாறுமுன் விற்போனிடம் கேட்கவேண்டுவது ஒன்று: இக்குதிரை நேற்றுவரை உண்டது யாது, எத்துணை வேளை, எவ்வளவு என்பதே அது. புதுப் பந்தியில் முதல் இரவு தானியம் வேண்டா. தூய நீரும் வைக்கோலும் போதும். மறுநாள் முதல் அது முன்னர் உண்ட உணவையே கொடுத்து, ஏழெட்டு நாட்களிற் சிறிது சிறிதாகத் தன் உணவிற்கு மாற்றுக. பழங்குதிரைகள் நிற்கும் பந்தியிலும் உடனே சேர்த்துக் கட்டாது, இரண்டு மூன்று கிழமை தனியே நிறுத்துக, புதிதாக வந்தது கொண்டுவந்த நோய் ஏதேனும் இருப்பின் அதற்குள் வெளிப்படும், பழையன தப்பும்.